மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் தராசு முள்

கோலார் தங்கவயல் பக்கத்தில் களியை மென்று தின்பவரைப் பார்த்தால் வீட்டுப் பாட்டிக்குச் சிரிப்பு வரும். கேழ்வரகுக் களியை விரலால் கிள்ளி, உருட்டி, கீரைச் சாற்றிலோ கறிக்குழம்பிலோ புரட்டி, பல்லில் படாமல் விழுங்க வேண்டும். மென்றால் ஒட்டும், ருசியும் கெடும். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் லைன் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பால்குடி மறந்ததும் சொல்லிக்கொடுக்கும் முதல் வித்தை இது.

எடைக்குறைப்புக்காக இரைப்பையைச் சிறிதாக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்துகொண்ட தங்கவயல்காரர் முதலில் மறக்க வேண்டியதும் இந்த வித்தையைத்தான். 'ஓட்டை போட்டுப் பண்ற ஆபரேஷன்' என்று ஊரில் சொல்லப்படும் அந்த வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு வரும் பதினெட்டு மாதங்களில்தான் பயமும் சந்தேகமும் ஏமாற்றமும் வரிசையாக வந்து கதவைத் தட்டும். எது எப்போது வரும் என்று தெரிந்தால் அதில் பாதி வந்த வழியே திரும்பிவிடும். இந்த அத்தியாயம் அந்த வரிசைக்காகத்தான்.

எதிர்பார்ப்பை முன்கூட்டியே கணக்குப் போடுதல்

பெரும்பாலான ஏமாற்றம் ஒரு சதவீதக் குழப்பத்தில் பிறக்கிறது. 'அறுபது சதவீதம் வரை குறையும்' என்கிறார் மருத்துவர். 120 கிலோ இருப்பவர் காதில் அது '72 கிலோ குறையும்' என்று விழுகிறது. மருத்துவர் சொன்னதோ மொத்த எடையில் அறுபது சதவீதத்தை அல்ல; உயரத்துக்கு ஏற்ற எடைக்கு மேல் கூடுதலாக இருக்கும் எடையில் அறுபது சதவீதத்தை. ஒரு துண்டுத்தாளில் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

1. உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் என்றால் 1.6 × 1.6 = 2.56.
2. எடையை அந்த எண்ணால் வகுத்தால் பிஎம்ஐ கிடைக்கும். 120 ÷ 2.56 = சுமார் 47. இந்தியர்களுக்கு 23-க்குக் கீழ் இருந்தால் இயல்பு.
3. 2.56-ஐ 23-ஆல் பெருக்கினால் 59. அதாவது கூடுதல் எடை 61 கிலோ.
4. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவையில் ஓராண்டில் மொத்த எடையில் சுமார் 25 சதவீதமும், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸில் சுமார் 30 சதவீதமும் குறைவது வழக்கம். 120 கிலோவில் அது 30 முதல் 36 கிலோ.
5. ஆக, நியாயமான இலக்கு 84 முதல் 90 கிலோ. கூடுதல் 61 கிலோவில் சுமார் பாதி முதல் அறுபது சதவீதம் வரை குறைகிறது. மருத்துவர் சொன்ன கணக்கும் இதுவேதான்.

கல்யாண ஆல்பத்தில் இருந்த 58 கிலோவை மனதில் வைத்துக்கொண்டு மேசையில் படுத்தவருக்கு 86 கிலோ தோல்வியாகத் தெரியும். அதே 86 கிலோவில் முழங்கால் வலி தணிந்து, குறட்டை நின்று, சர்க்கரை மாத்திரை குறைந்திருக்கும். ஆகவே அறுவைக்கு முன்பே தராசில் தெரியாத ஐந்து இலக்குகளை எழுதி வைப்பது நல்லது: மாரிக்குப்பம் ஸ்டேஷன் படியை நிற்காமல் ஏறுவது, தரையில் சப்பணமிட்டு உட்காருவது, இரவில் மூச்சு முட்டாமல் தூங்குவது என்று.

பிரபலங்களோடு ஒப்பிடுவதும் வீண் வேலை. நிதின் கட்கரி 2011-இலும் அருண் ஜெட்லி 2014-இலும் இந்த அறுவையைச் செய்துகொண்டார்கள். இருவருமே சர்க்கரை நோயாளிகள். 2017-இல் சுமார் 500 கிலோ எடையுள்ள எகிப்துப் பெண் ஒருவரை விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்து அறுவை செய்தார்கள். எத்தனை கிலோ குறைந்தது என்பதிலேயே மருத்துவர்களுக்கும் குடும்பத்துக்கும் பகிரங்கமாகத் தகராறு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் அபுதாபியில் இறந்துபோனார். இரண்டாம் தள வீட்டில் இருந்துகொண்டு 110 கிலோ உடம்போடு வேலைக்குப் போகும் ஒருவருக்கு இந்தக் கதைகளில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

'இப்போதுதான் எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டதே' என்ற கேள்வியும் எழும். 2025 மார்ச்சில் மௌன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. சிலருக்கு அவை போதும். நிறுத்தினால் எடை திரும்புவது அவற்றின் சிக்கல். ஊசி, அறுவை இரண்டில் எது பொருந்தும் என்பதை மருத்துவரோடு பேசித் தீர்க்க வேண்டும். அந்த ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் மயக்க மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக்குறைப்பு அறுவைக்குச் சேர்ந்து இறந்துபோனார். தமிழக அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. பொதுவில் இந்த அறுவையில் உயிரிழப்பு அரிது. பித்தப்பை அறுவையின் ஆபத்தோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். ஆனால் அந்த 'அரிது' அனுபவமுள்ள குழுவும் முழு வசதியுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கும் இடத்துக்கே பொருந்தும். கட்டணத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை இவை:

1. இந்த அறுவை மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறார்?
2. இரவு இரண்டு மணிக்கு இரைப்பைத் தையலில் கசிவு ஏற்பட்டால் இதே கட்டடத்தில் மறு அறுவை செய்ய முடியுமா, வேறு இடத்துக்குத் தூக்கிப்போக வேண்டுமா?
3. உணவு ஆலோசகரும் மனநல ஆலோசகரும் குழுவில் உண்டா?
4. இரண்டு, மூன்று ஆண்டு கழித்தும் யார் பரிசோதிப்பார்?

தங்கவயலுக்கே உரிய ஒரு குறிப்பு: சுரங்கத்தில் இறங்கியவர்களுக்குக் கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் உண்டு. நுரையீரலில் அந்தப் பழைய பாதிப்பு இருப்பவர் 'அதெல்லாம் அப்போ' என்று விடாமல் எக்ஸ்ரே, மூச்சுப் பரிசோதனைத் தாள்களை மயக்க மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி தெளிவாகவே இருக்கிறது. வயது 18-க்கு மேல், மருத்துவர் பரிந்துரை, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல். இல்லாவிட்டால் 35-உடன் கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்ற ஒன்று. மற்ற வழிகளை முயன்று பலிக்காமல் போனதற்கான சான்றும் கேட்பார்கள். இரண்டு, மூன்று ஆண்டுச் சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தவருக்கு இங்கே வேலை சுலபம்.

முதல் இரண்டு மாதச் சாப்பாடு

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பைபாஸில் இன்னும் சிறிது, முட்டையளவுதான். தையல் ஆறும்வரை படிப்படியாகத்தான் போக வேண்டும். மருத்துவமனைக்கு மருத்துவமனை நாட்கள் சற்று மாறும். அவர்கள் எழுதிக் கொடுத்த தாளே கடைசி வார்த்தை.

1. முதல் இரண்டு நாள்: தெளிந்த நீர்வகை மட்டும். தண்ணீர், வடிகட்டிய சூப், மோர்த் தெளிவு. மருந்துக் குப்பி மூடியால் 30 மில்லி அளந்து, கால் மணிக்கு ஒருமுறை சப்பிக் குடிக்க வேண்டும்.
2. இரண்டு வாரம் வரை: பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், எலும்பு சூப், புரதப் பொடி கலந்த பானம். நீர்க்கக் காய்ச்சி வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சி சேரும்.
3. மூன்றாம், நான்காம் வாரம்: மிக்ஸியில் அரைத்த கூழ்ப்பதம். மசித்த பருப்பு, தயிர், குழைத்த முட்டை, கூழ்.
4. ஐந்து முதல் எட்டாம் வாரம்: மென்மையானவை. வேகவைத்த மீன், பன்னீர், கொத்திய கோழி, இட்லியில் பாதி.
5. அதன் பிறகு: வீட்டுச் சாப்பாடு, ஒவ்வொன்றாக. புதிய பண்டம் ஒரு நாளைக்கு ஒன்றுதான், அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிடிபடும்.

களியும் பரோட்டாவும் நாரான கறியும் கடைசி வரிசையில் நிற்பவை. ஒட்டும் உருண்டை குறுகிய வழியில் போய் அடைத்துக்கொண்டால் நெஞ்சு இறுக்கமும் எச்சில் ஒழுகலும் வாந்தியுமாக அரை மணி நேரம் நரகம். கேழ்வரகை விட வேண்டாம். கால்சியம் அதில் அரிசியைவிடப் பல மடங்கு. கூழாகவோ, மென்று தின்னும் அடையாகவோ மாற்றிக்கொண்டால் போதும். ஒவ்வொரு வாயையும் இருபது, முப்பது முறை மென்று, கூழான பிறகு இறக்க வேண்டும். தட்டுக்கு எதிரே கடிகாரம் வைத்து இருபது நிமிடம் என்று பழகினால் ஒரு மாதத்தில் கை தானாக நிதானப்படும்.

> குறிப்பு: சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் தண்ணீர் வேண்டாம். இடைப்பட்ட நேரத்தில் சிறுசிறு மடக்காக நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று பொருள்.

புரதம் நாளுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். இரண்டு முட்டை 12, பால் 300 மில்லி 9, வெந்த கோழி 75 கிராமில் 19, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு 7. கூட்டினால் 47. மீதிக்கு ஒரு கரண்டி புரதப் பொடி. தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் சோறு. நம் ஊரில் இது தலைகீழ்ப் பந்தி, பழக நாளாகும்.

முள் நிற்கும் வாரம்

முதல் பத்து, பதினைந்து நாளில் எடை மளமளவென்று இறங்கும். வீடே குதூகலிக்கும். பிறகு ஒருநாள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், தராசு முள் நின்றுவிடும். சாப்பிடுவதோ நாளுக்கு நான்கு டம்ளர் கஞ்சி. ஆனாலும் ஒரு வாரம், பத்து நாள் ஒரு கிராம்கூட நகராது. 'காசெல்லாம் போச்சு', 'எனக்கு மட்டும் பலிக்கலை' என்று அழைப்புகள் வருவது இந்த வாரத்தில்தான்.

காரணம் எளிது. உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் சேர்ந்து போகிறது. முதல் வாரத்து மளமளப்பில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். சாப்பாடு கொஞ்சம் ஏறியதும் உடம்பு அதில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்க்கிறது. கொழுப்பு உள்ளே கரைந்துகொண்டுதான் இருக்கிறது, தண்ணீர் அதை மறைக்கிறது.

அந்த வாரத்தில் செய்ய வேண்டியவை:

1. தராசை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டு, வாரம் ஒரு நாள் மட்டும், ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் ஏற வேண்டும்.
2. தையல்கடை நாடாவால் இடுப்பு, மார்பு, தொடை அளவெடுத்துக் குறிக்க வேண்டும். முள் நிற்கும்போதும் நாடா இறங்கும்.
3. புரதமும் தண்ணீரும் கணக்குப்படி போகிறதா என்று நோட்டில் பார்க்க வேண்டும்.
4. நடையைப் பத்து நிமிடம் கூட்டலாம். ராபர்ட்சன்பேட்டை வீதிகளில் காலை ஏழு மணிக்கு முன் நடப்பது சுகம். காற்றடிக்கும் நாளில் சுரங்கக் கழிவான சயனைடு மண்மேடுகளின் பக்கம் வேண்டாம்; அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: சாப்பாட்டை இன்னும் குறைப்பது. பட்டினியில் போவது தசை. போன தசையைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு.

இதே தேக்கம் ஆறாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் வரலாம். ஒரு மாதத்துக்கு மேல் நீண்டால் உணவு நோட்டுடன் ஆலோசகரைப் பார்க்கலாம்.

பழைய பழக்கத்தில் வரும் தவறுகள்

வலி மாத்திரை. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகள் பைபாஸ் செய்தவருக்கு இணைப்பில் புண் உண்டாக்கி ஓட்டையே போட்டுவிடும். ஸ்லீவ் செய்தவரும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பாராசிட்டமால் போதும்.

குளுக்கோஸ் பாட்டில். நாலு நாள் வாந்தி என்றால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்வது ஊர் வழக்கம். தொடர் வாந்தியில் உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் தயாமின் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். 'எடைக்குறைப்பு அறுவை செய்திருக்கிறேன், முதலில் தயாமின் போடுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்வை இரட்டிப்பது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது இதன் அறிகுறிகள். அவை தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பழைய சர்க்கரை மாத்திரை. எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே, சர்க்கரை இறங்கத் தொடங்கும். பழைய அளவில் இன்சுலின் போட்டால் மயக்கம்தான். ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே கதை. டிஸ்சார்ஜ் நாளில் ஒவ்வொரு மாத்திரையையும் மேசையில் பரப்பி, எது இனி வேண்டாம் என்று எழுதி வாங்க வேண்டும்.

சாராயம். அறுவைக்குப் பிறகு போதை வேகமாக ஏறும், நெடுநேரம் நிற்கும். முன்பு மூன்று பெக்கில் தள்ளாடாதவர் ஒன்றில் விழுவார். சாப்பாட்டின் இடத்தைக் குடி பிடித்துக்கொள்வதும் நடந்திருக்கிறது. முதல் ஆண்டில் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. புகையிலையும் கூடாது.

வைட்டமினை நிறுத்துவது. 'உடம்பு தேறிடுச்சு' என்று ஆறாம் மாதத்தில் மாத்திரையை விட்டவருக்கு இரண்டாம் ஆண்டில் சோகையும் கால் மரமரப்பும் வரும். மல்டிவைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், டி ஆகியவை ஆயுள் முழுக்க. கால்சியத்துக்கும் இரும்புக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி. சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும்.

கர்ப்பம். எடை குறைந்ததும் நின்றிருந்த மாதவிலக்கு ஒழுங்காகி, எதிர்பாராமல் கரு தங்கும். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் தள்ளிப்போட வேண்டும். பைபாஸ் செய்தவர் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

தங்கவயலில் இருந்து பெங்களூரு சுமார் நூறு கிலோமீட்டர். கசிவு பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள் தெரியும். ஆகவே பெங்களூரில் அறுவை செய்துகொண்டவர் டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக வீட்டுக்கு ரயிலேறாமல், அந்தப் பத்து நாளை அங்கேயே உறவினர் வீட்டில் கழிப்பது புத்திசாலித்தனம். நாடி 120-க்கு மேல் ஓடுவது, காய்ச்சல், வயிற்றிலோ இடது தோளிலோ தணியாத வலி, மூச்சிரைப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கறுப்பு மலம்: இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. நாடி எண்ணுவதை வீட்டில் இருவராவது கற்றிருக்க வேண்டும்.

பர்ஸில் ஒரு அட்டை இருக்கட்டும். அறுவையின் பெயர், தேதி, மருத்துவர் எண், தவிர்க்க வேண்டிய மாத்திரைகள். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும்.

ரயிலும் டிபன் பாக்ஸும்

2001-இல் சுரங்கம் மூடியதிலிருந்து விடியும் முன் மாரிக்குப்பத்தில் பெங்களூருக்கு ரயிலேறி இருட்டிய பின் திரும்புவது ஆயிரக்கணக்கானோர் பிழைப்பு. காலைச் சாப்பாட்டை ரயிலில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மதியம் கிடைத்ததைத் தின்று, ராத்திரி ஒன்பதரைக்கு வயிறு நிறையச் சாப்பிடும் ஓட்டத்தில்தான் பலருக்கு எடையே ஏறியது. வேலைக்குத் திரும்புவது உட்கார்ந்து செய்யும் வேலையென்றால் இரண்டு, மூன்று வாரத்தில், மூட்டை தூக்கும் வேலையென்றால் ஆறு வாரத்துக்குப் பிறகு. இடிபடும் கூட்ட வண்டி முதல் மாதம் வேண்டாம்.

பையில் மூன்று சின்ன டப்பாக்கள்: கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியதும் புரதப் பானம், பதினொரு மணிக்கு அவித்த முட்டை, மாலை ரயிலில் சுண்டல் அல்லது பன்னீர். போனில் ஐந்து அலாரம். பசி இப்போது மணி அடிக்காது, அதனால் மறந்துபோகும். வண்டியில் மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று காலை உதற வேண்டும், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க.

முடியும் தோலும் ஊர்வாயும்

மூன்றாம் மாதத்தில் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். அறுவையின் அதிர்ச்சியில் வேர்கள் ஓய்வுக்குப் போவதால் வருவது; புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் ஓராண்டுக்குள் திரும்ப முளைக்கும். எண்ணெய்க்குச் செலவழிக்க வேண்டாம். தோல் தொங்குவதை உடற்பயிற்சி ஓரளவுதான் சரிசெய்யும். மீதிக்கு அறுவை வேண்டுமென்றால் எடை நிலைத்த பிறகு, பதினெட்டு மாதம் கழித்து யோசிக்கலாம்.

இதைவிடத் துன்பம் தெருவில் காத்திருக்கும். 'என்னக்கா, இப்படி எலும்பா போய்ட்டே, சுகர் ஏதாச்சும் வந்துருச்சா?' நம் ஊரில் இளைத்தவர் என்றால் நோயாளி. பதிலை முன்பே தயார் செய்துகொள்ளலாம்: 'டாக்டர் சொல்லித்தான் குறைச்சேன், நல்லாத்தான் இருக்கேன்.' அதற்கு மேல் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். விருந்தில் 'ஒரு வாய்' என்று ஊட்ட வரும் அத்தைக்குத் தட்டில் ஒரு கறித்துண்டு வைத்துக்காட்டினால் போதும், மெல்ல மெல்ல அரை மணி ஓடிவிடும்.

இரண்டாம் ஆண்டு

பதினெட்டு மாதத்துக்குப் பிறகு சில கிலோ திரும்ப ஏறுவது இயல்பு. 1987-இல் தொடங்கிய சுவீடன் ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் 32 சதவீதம் குறைந்து, பத்தாம் ஆண்டில் 25 சதவீதத்தில் நின்றார்கள். ஐந்து கிலோ ஏறினால் வெட்கப்பட்டு மருத்துவரைத் தவிர்ப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும் பிறகு ஆண்டுக்கொருமுறையும் ரத்தப் பரிசோதனை உண்டு. எடை ஏறிய ஆண்டில் அது இன்னும் அவசியம். ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் நழுவி இறங்கும் பண்டங்கள்: காபியில் சர்க்கரை, பிஸ்கட், முறுக்கு, ஐஸ்கிரீம். பைபாஸ் செய்தவருக்கு இனிப்பு போன அரை மணிக்குள் வேர்த்து, படபடத்து, தலைசுற்றும். ஸ்லீவ் செய்தவருக்கு அந்த எச்சரிக்கையும் பெரும்பாலும் கிடைக்காது.

பங்காருபேட்டை பானிபூரி மட்டும் தனிக் கேள்வி. ஜங்ஷனில் இறங்குபவர் யாரும் கேட்காமல் விடுவதில்லை. தண்ணீர் போலத் தெளிந்த அந்தப் பானி ஊற்றிய பூரி, முழுசாக வாயில் போட்டு, நீரோடு சேர்த்து, நின்றபடி அவசரமாக விழுங்குவது; மூன்று விதிகளை ஒரே வாயில் உடைக்கும். ஓராண்டு முடிந்தவர் இரண்டு பூரியை நொறுக்கி, பானி இல்லாமல், பட்டாணியைக் கூட்டிக் கிண்ணத்தில் கேட்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பூனால். மீதியைக் கூட வந்தவர் முடித்துக்கொள்வார்.